‘போஸ்ட் ஹேஸ்ட்’ எழுதிய சீட்டு

மாதையன் துணியைச் சட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மனைவி பொன்னாயியின் நெற்றியில் போட்டான். போட்ட வேகத்தில் எடுத்தான். மறுபடி நனைத்தான், பிழிந்தான், போட்டான். சட்டியைச் சுற்றித் தரையெல்லாம் ஈரம்.

“துணி சித்த நேரம் கெடக்கட்டும் சாமி,” என்றாள் பக்கத்து வீட்டு அங்கம்மாள். “நீ பண்றதப் பாத்தா துணிதான் ஓடுது. காய்ச்சல் அங்கயேதான் குந்திக்கிட்டிருக்குது.”

அவன் கையை எடுத்துக்கொண்டான். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தொடையில் வைத்தான்.

அங்கம்மாள் சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான்கு வருஷம் ஆயாவாக இருந்தவள். புருஷன் செத்த பிறகு ஊருக்குத் திரும்பியவள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும், நாடி எண்ணவும், கண்ணைத் திறந்து பார்க்கவும் தெரியும். பொன்னாயியின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பொன்னாயியோ, என்றைக்கோ விற்றுவிட்ட ஓர் ஆட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“இது குளுரு வந்து போற காய்ச்சலில்ல. தலைக்கு ஏறுது. இன்னிக்குப் பொழுதுக்குள்ள கொயினா உள்ள போவோணும்.”

“இன்னிக்குத் தபால் பையில வருதுங்க்கா. வாத்தியாருக்கு நேத்தே காயிதம் வந்துருச்சு.”

“அப்ப இங்க என்னத்துக்கு ஒக்காந்திருக்கற? மணி ஏழாவப் போவுது. போ.”

அது 1943, ஐப்பசி மாசம். கொல்லிமலை அடிவாரத்தில், எருமப்பட்டிக்கு எட்டு மைல் கிழக்கே உள்ள ஈச்சம்பள்ளத்தில் காய்ச்சலில் ஆள் படுக்காத வீடு இல்லை. மலேரியாவைப் போக்கும் கொயினா மாத்திரையைத் தபாலாபீசில்தான் விற்பார்கள். அதை எடுக்கிற மரப்பட்டை விளைகிற ஜாவாத் தீவு ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு, கொயினா வருவது மழை வருவது போலாகிவிட்டது. வந்தால் உண்டு.

பொன்னாயிக்கு முதல் காய்ச்சல் புரட்டாசியில் வந்தது. அப்போது ஆபீசில் கடைசியாக இருந்த குழலை வாங்கிவந்தான். இருபது மாத்திரை. காலை இரண்டு, மாலை இரண்டு, ஐந்து நாள் விடாமல் விழுங்கவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவள் இரண்டு நாள் விழுங்கினாள். காய்ச்சல் விட்டுவிட்டது. கொயினா சூடு, ரத்தத்தைச் சுண்டவைத்துவிடும் என்று மோரும் கம்பங்கூழுமாகக் குடித்தாள். மீதிப் பன்னிரண்டை, உறைமோர் கேட்டால் கொடுப்பது போல, கேட்ட நாலு வீட்டுக்கும் மும்மூன்றாகக் கொடுத்தாள். அந்த வீடுகளிலும் அதேபோலக் காய்ச்சல் விட்டது. ஒரு மாசம் கழித்து ஐந்து வீட்டுக்கும் திரும்பி வந்தது. இதில் யாரைக் குறை சொல்வது? தெருவில் ஒருத்தி நடுங்கும்போது தன் வீட்டு டப்பாவில் மருந்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை.

மாதையன் தபால் ரன்னர். அப்பன் மேச்சேரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிடை போட்டவர். ஆட்டின் பின்னால் ஓடிப் பழகிய கால் என்று 1931-இல் வேலை கொடுத்தார்கள். நடுவில் பஸ் வந்தது. ஓட்டம் வேண்டாம் என்றார்கள். நாலு வருஷம் மறுபடி ஆடு மேய்த்தான். சண்டை வந்து பெட்ரோல் இல்லாமல் போனதும் பஸ் நின்றது. கூப்பிட்டு ஈட்டியைக் கையில் கொடுத்தார்கள். சலங்கை கட்டிய ஈட்டி. தோளில் அரக்கு முத்திரை வைத்த பை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டுக்குள் நாலாவது மைல் கல். எருமப்பட்டியிலிருந்து சின்னண்ணன் என்கிற இன்னொரு ரன்னர் அங்கே வருவார். பைகளை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பவேண்டும். கல்லைத் தாண்டிப் போவதற்கும் அனுமதி இல்லை, பை மாற்றாமல் திரும்புவதற்கும் இல்லை.

ஈச்சம்பள்ளத்துத் தபாலாபீஸ் என்பது பள்ளிக்கூடத்தின் ஓர் அறை. போஸ்ட் மாஸ்டர் என்பது பள்ளிக்கூடத்து வாத்தியார் கஸ்பார். சேலம் டவுன்காரர், இருபத்தெட்டு வயசு. கொயினா கேட்டு மேலே எழுதிய அன்று, உறையின் மேல் சிவப்பு மையில் ஏதோ இங்கிலீஷில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார்.

“இதென்னங்க செவப்புல?” என்று மாதையன் கேட்டான்.

“‘போஸ்ட் ஹேஸ்ட்.’ அதிவேகமான்னு அர்த்தம்.”

“வேகம்னு எழுதுனா வேகமாப் போயிருங்களா?”

கஸ்பார் சிரித்துவிட்டார். “அந்தக் காலத்துல போச்சு. இங்கிலாந்துல நானூறு வருஷத்துக்கு முந்தி ராஜா வீட்டுக் கடிதம்னா மேலேயே எழுதிருவாங்க, ‘ஹேஸ்ட், போஸ்ட், ஹேஸ்ட்’னு. ஓடு, தபால்காரா, ஓடு. ரொம்ப அவசரம்னா ‘உயிர் போற காரியம், உயிர் போற காரியம்’னு ரெண்டு தரம். இன்னும் சிலதுல தூக்குமரம் வரைஞ்சு, ஒரு ஆள் தொங்கற மாதிரி படம் போட்டிருவாங்க.”

“தொங்கறது ஆருங்க?”

“தாமதம் பண்ண தபால்காரன்.”

“அப்ப நம்ம இன்ஸ்பெக்டர் தேவலைங்க. சம்பளத்தத்தான் புடிக்கறாரு.”

“போஸ்ட்ன்னா முதல்ல கடிதமே இல்லை மாதையன். வழியில ஆள் நிறுத்தி வெச்ச இடம். பத்துப் பதினஞ்சு மைலுக்கு ஒண்ணு. அங்கே புதுக் குதிரை சேணம் கட்டித் தயாரா நிக்கும். களைச்ச குதிரையை விட்டுட்டு அதுல ஏறிப் போயிடணும். எந்தக் குதிரையும் அறுபது மைல் பறக்காது. மாத்தி மாத்திப் போனதாலதான் அந்த வேகம். அப்புறம் தூக்குமரம் போச்சு, குதிரையும் போச்சு. வெறும் அவசரத்துக்கே அந்த வார்த்தை பேராயிடுச்சு.”

“அப்ப நம்ம நாலாவது மைல் கல்லும் ஒரு போஸ்டுங்களா?”

“அதேதான்.”

“குதிரை?”

“நீங்கதான்.”

“கொள்ளு மட்டும் கண்ணுல காட்ட மாட்டேங்கறீங்களே,” என்று சொல்லிவிட்டு மாதையன் பையைத் தூக்கிக்கொண்டான்.

சிவப்பு மை உறை மறுநாளே போய்ச் சேர்ந்தது. பதில் வரப் பத்தொன்பது நாள் ஆனது.

அங்கம்மாள் விரட்டிய அன்று காலை மாதையன் எட்டு மணி ஆவதற்குள் கல்லுக்குப் போய்விட்டான். அரை மைல் முன்பே அவனுக்கு இரைச்சல் கேட்டது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. ராத்திரி மலைமேல் கொட்டிய மழை, ஓடையில் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நேற்று மணல் கிடந்த இடத்தில் வேரோடு ஒரு புங்கமரம் உருண்டு போனது. கல் இந்தக் கரையில். சின்னண்ணன் அந்தக் கரையில். அவர் தோளில் பை.

மாதையன் ஈட்டியை ஆட்டினான். சலங்கைச் சத்தம் அவன் காதுக்கே கேட்கவில்லை.

“கொயினா இருக்குதுங்ளாண்ணா?” என்று கத்தினான்.

“கனமாத்தான் இருக்குது!” என்று அவர் பையைத் தூக்கிக் காட்டினார். “சித்த பொறு. மலத்தண்ணி, வந்த வெசையில வடிஞ்சுரும்.”

“நேரமில்லைங்ணா. ஊட்ல அவளுக்கு நெனப்பே இல்லீங்க. தூக்கிப் போடுங்க!”

சின்னண்ணன் ஓடையின் அகலத்தைப் பார்த்தார். ஐம்பது வயசு மனுஷர், கல்லுப் போல உடம்பு, ஆனால் தோள்பட்டை இறங்கிவிட்டது. “தண்ணியில உழுந்துச்சுன்னா கொயினாவும் போச்சு, என்ற சோறும் போச்சு, உன்ற பொண்டாட்டியும் போச்சு! என்னால ஆவாது தம்பி!”

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால் மாதையனுக்கு இன்னும் கோபம் வந்தது. “பொட்டச்சியாட்டப் பயப்படறீங்களே!” என்று கத்தினான்.

“என்ற பொட்டச்சி உசுரோட இருந்திருந்தா நீந்தியே வந்திருப்பா. நா அவ இல்ல!”

மாதையன் பையையும் ஈட்டியையும் கல்லின்மேல் வைத்துவிட்டு இறங்கினான். கிணற்றில் நீந்தத் தெரிந்தவன்தான். கிணற்றுத் தண்ணீர் நிற்கிற தண்ணீர். நாலு எட்டு வைப்பதற்குள் இடுப்பைத் தூக்கியது. ஏதோ கட்டை முழங்காலில் அடித்தது. கரையோர வேரைப் பிடித்து ஏறி வந்தான். முட்டியில் ரத்தம் வந்தது. மேலே அரை மைல், கீழே அரை மைல் ஓடிப் பார்த்தான். ஓடை எங்கும் ஒரே ஓடைதான்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று நினைத்தான். திரும்பினால் பொன்னாயியைப் பார்க்கலாம். வெறுங்கையோடு பார்க்கலாம். தண்ணீர் அந்த நேரத்தில் வடிந்து, சின்னண்ணன் பையோடு வந்து நின்றால்? இங்கேயே இருந்தால் பை கிடைக்கும், அங்கே என்ன ஆகிறதென்று தெரியாது. மூன்று தடவை கிளம்பினான். ஒரு தடவை ஆலமரத் திருப்பம் வரைக்கும் போனான். மூன்று தடவையும் திரும்பி வந்தான்.

அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. கல்லடியில் உட்கார்ந்தான். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணி வரை தண்ணீர் குச்சியை விட்டு ஒரு விரல் அளவுகூட விலகவில்லை. கால் இரண்டும் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. கையால் அழுத்திப் பிடித்தான்.

உச்சிவேளைக்குச் சின்னண்ணன் சோளக்களி உருண்டையை அவிழ்த்தார். எதிர்க்கரையைப் பார்த்தார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றார்.

நாலு மணிக்குத் தண்ணீர் வடிந்து மார்பளவுக்கு வந்தது. சின்னண்ணன் பையைத் தலையில் வைத்து வேட்டியால் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மாதையன் இந்தப் பக்கம் இறங்கி ஈட்டியை நீட்டினான். நடு ஓடையில் பிடித்தார்கள். கரையேறியதும் அவர் பையை அவன் தோளில் மாட்டி, முதுகில் ஒரு தட்டு தட்டினார். “வெசையாப் போ சாமி. நின்னு பேசற நேரமில்ல.”

நாலு மைலை மாதையன் எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. வழியில்தான் அவன் வீடு. நின்று எட்டிப் பார்க்கவில்லை. முத்திரையை உடைக்க வாத்தியாருக்குத்தான் அதிகாரம். பள்ளிக்கூடத்து வாசலில் கஸ்பார் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார். பை வந்து விழுந்ததும் அறுத்தார். கொயினா இருந்தது. எட்டுக் குழல்.

இரண்டு பேரும் ஒரு குழலோடு வீட்டுக்கு ஓடினார்கள். அங்கம்மாள் பொன்னாயியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழலைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

“மத்தியானம் கைகாலு வெட்டி இழுப்பு வந்துச்சு. அதுக்கப்பறம் முழுங்கறது நின்னு போச்சு.”

“கரைச்சு ஊத்தலாமுங்க்கா. சொட்டுச் சொட்டா.”

“பாரு.” அவள் ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள். தொண்டை அசையவில்லை. தண்ணீர் அப்படியே வெளியே வந்தது. “முழுங்கத் தெரியாத வாயில ஊத்துனா மருந்து நெஞ்சுக்குள்ள போயி மூச்ச அடைச்சுப்போடும். இனி ஊசிதான். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குத்தான் போவோணும்.”

மாதையன் குழலைத் திறந்து இரண்டு மாத்திரையைக் கையில் கொட்டினான். பார்த்தான். திரும்ப உள்ளே போட்டான்.

காளியப்பனிடம் வண்டி இருந்தது. மலைமேல் மறுபடி இடித்துக்கொண்டிருந்ததால் இருட்டில் ஓடையில் வண்டி இறக்க முடியாது என்றான் அவன். விடிந்ததும் கிளம்புவது என்று முடிவாயிற்று. எருமப்பட்டி வரை மாட்டு வண்டி. அங்கிருந்து நாமக்கல்லுக்கு ஒன்பதரை மணிக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற ஒரே ஒரு பஸ். அதை விட்டால் மறுநாள்தான்.

“வண்டி அதுக்குள்ள போவாது,” என்றான் காளியப்பன்.

“பஸ்ஸை நிறுத்திவைக்கச் சொல்லணும்,” என்றார் கஸ்பார். “முன்னாடியே யாராவது போய்ச் சொல்லணும்.”

விடிந்தது. ஆறரைக்கு வண்டியில் வைக்கோல் பரப்பி, பொன்னாயியைக் கிடத்தி, அங்கம்மாள் ஏறிக்கொண்டாள். மாதையனும் சக்கரத்தில் கால் வைத்தான்.

“நீ எங்க ஏறற?” என்றாள் அங்கம்மாள். “நீ ஒக்காந்தா மாடு வெசையாப் போயிருமா? பைய எடுத்துக்கிட்டு ஓடு. கல்லுல சின்னண்ணங்கிட்டச் சொல்லு. அவரு ஓடிப்போயி பஸ்ஸ நிறுத்தட்டும். அதுதான் இவளுக்கு ஒதவி.”

அவன் காலை எடுத்தான். ஆபீசுக்குப் போனான். கஸ்பார் சீட்டு எழுதினார்: நோயாளியோடு வண்டி வருகிறது, நினைவில்லை, பஸ்ஸை நிறுத்திவைக்கவும்.

“அந்த வார்த்தையையும் எழுதுங்க,” என்றான் மாதையன்.

“கண்டக்டருக்கு இங்கிலீஷ் தெரியாது மாதையன்.”

“எழுதுங்க சாமி.”

கஸ்பார் சிவப்பு மையை எடுத்து மேலே ‘போஸ்ட் ஹேஸ்ட்’ என்று எழுதி, இரண்டு கோடு போட்டார். மையை ஊதி உலர்த்தி மடித்துக் கொடுத்தார்.

சீட்டைத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு மாதையன் ஏழுக்குக் கிளம்பினான். மூன்றாவது மைல் கல்லுக்கு முன்பே வண்டியைப் பிடித்துவிட்டான். கூடவே சில எட்டு நடந்து உள்ளே பார்த்தான். மூச்சு, காய்ந்த குடத்தில் காற்றுப் புகுந்தது போலச் சத்தம் போட்டது. பாதத்தைத் தொட்டான். சுட்டது. சுடுகிறவரை சரி என்று நினைத்துக்கொண்டான்.

“பைய மாத்தீட்டுத் திரும்பி வாரேன்,” என்றான். “எதுத்தாப்ல வருவீங்க. பாத்துக்கறேன்.”

“ஓடு,” என்றாள் அங்கம்மாள்.

ஓடையில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. சின்னண்ணன் எப்போதும் கல்லடியில் வெற்றிலை போட்டு, ஊர்க்கதை ஒன்று சொல்லிவிட்டுத்தான் பையை மாற்றுவார். அன்று எட்டுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். மாதையன் சீட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னான். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார்.

“என்னானாலும் நா நிறுத்தறேன். முன்னால படுத்தாவது நிறுத்தறேன். நீ போ.”

தண்ணீர் தெறிக்க ஓடையைத் தாண்டி ஓடினார். இறங்கிய தோளோடு அந்த வயசில் அவர் அப்படி ஓடி மாதையன் பார்த்ததில்லை. மேட்டில் ஏறி மறையும்வரை நின்று பார்த்தான். நேற்றைக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு காரியம் நடக்கிறது என்று தோன்றியது.

வந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினான். வண்டி இந்நேரம் ஓடைக்கு அருகே வந்திருக்கவேண்டும். முதல் திருப்பத்தில் இல்லை. மாடு களைத்திருக்கும். ஆலமரத் திருப்பத்திலும் இல்லை. அச்சு உடைந்ததா? அவன் இன்னும் வேகமாக ஓடினான். மூன்றாவது மைல் கல்லைத் தாண்டியதும் நேர்ப் பாதை. அங்கே வண்டி தெரிந்தது.

தெரிந்தது வண்டியின் பின்புறம்.

ஈச்சம்பள்ளத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. காளியப்பன் வண்டியில் உட்காராமல் மாட்டின் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தான். அங்கம்மாள் பின்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாதையன் வருவதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை, கையும் காட்டவில்லை.

மாதையன் ஓட்டத்தை நிறுத்தி நடந்தான். வண்டி மெதுவாகத்தான் போனது. ஆனாலும் கிட்டப் போக நேரமானது.

“நீ போயிச் சித்த நேரந்தான் சாமி,” என்றாள் அங்கம்மாள். “மூச்சு ரெண்டு தரம் நின்னு வந்துச்சு. மூணாந்தரம் வரல. நாந்தான் வண்டியத் திருப்பச் சொன்னேன்.”

அவன் தலையை ஆட்டினான். பொன்னாயியின் முகத்தை மூடியிருந்த துணியைப் பார்த்தான். பிறகு திரும்பி, வந்த வழியைப் பார்த்தான்.

“சின்னண்ணன் ஓடிட்டிருப்பாருங்க்கா.”

அங்கம்மாள் முகத்துணியின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

“பஸ்ஸு நிக்குமே. அவுங்களுக்கு ஆரு போயிச் சொல்றது?”

யாரும் போய்ச் சொல்ல முடியாது: பையோடு அவன் கல்லைத் தாண்டக்கூடாது, ஓடக்கூடிய வேறு ஆள் அங்கே இல்லை. காளியப்பன் மாட்டை ஓட்டினான். மாதையன் பையோடு வண்டியின் பின்னால் நடந்தான். ஆபீசுக்குப் பை ஐம்பது நிமிஷம் தாமதமாக வந்தது. கஸ்பார் நேரத்தை எழுதிக்கொண்டார். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி இறக்கினார்கள். காளியப்பன் மண்வெட்டி கேட்டு இரண்டு வீட்டுக்குப் போனான். அங்கம்மாள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

எருமப்பட்டியில் கண்டக்டர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு பஸ்ஸை நிறுத்தினார். பின்னால் இருந்த நீளப் பலகையில் உட்கார்ந்தவர்களை எழுப்பி, நோயாளியைப் படுக்கவைக்க இடம் செய்தார்கள். ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. சின்னண்ணன் நடுரோட்டில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தேகாலுக்கு, இதற்குமேல் முடியாது பெரியவரே என்று கண்டக்டர் சொல்ல, டிரைவர் பஸ்ஸை எடுத்தார். முட்டைக்கூடை வைத்திருந்த இரண்டு பெண்கள், சிறிது தூரம் போனதும், அந்தப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்கள்.